45 மாதங்கள் எங்கிருந்து வந்தன?

கொழும்புப் புதுக்கடையில் பத்துக் குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் 100,000 ரூபா தேவை. ஒரு வீட்டில் தையல் மெஷின் வாங்க வேண்டும், இன்னொரு வீட்டில் பிரிட்ஜ், மூன்றாவது வீட்டில் இரவுச் சாப்பாட்டுக் கடைக்குப் புது அடுப்பு. யாராலும் மாதம் 10,000 ரூபாவுக்கு மேல் ஒதுக்க முடியாது. தனித்தனியே சேர்த்தால் பத்து வீடுகளும் பத்தாவது மாதத்தில்தான் கடைக்குப் போகலாம்.

இதே பத்துப் பேரும் சேர்ந்து சீட்டுப் போட்டால் கணக்கு மாறுகிறது. முதல் மாதமே பத்து 10,000 ரூபாக்கள் ஓரிடத்தில் சேர்ந்து ஒருவர் கைக்குப் போகின்றன. அடுத்த மாதம் அடுத்தவருக்கு. காத்திருந்த மாதங்களைக் கூட்டிப் பாருங்கள். தனித்தனியே சேர்க்கும்போது பத்துப் பேருக்கும் சேர்த்து 100 மாதக் காத்திருப்பு. சீட்டில் ஒன்று முதல் பத்து வரை கூட்டினால் 55 மாதங்கள்தான். சராசரியாக ஆளுக்கு ஐந்தரை மாதம். வெளியிலிருந்து ஒரு சதமும் வரவில்லை, யாரும் வட்டி கொடுக்கவில்லை. ஆனாலும் 45 மாதக் காத்திருப்பு மறைந்துவிட்டது. பத்தாவதாக எடுப்பவருக்குக்கூட நட்டமில்லை. தனியே சேர்த்திருந்தாலும் அவர் பத்தாவது மாதத்தில்தான் வாங்கியிருப்பார்.

அந்த 45 மாதங்களும் சும்மா கிடக்கும் பணத்திலிருந்து வருகின்றன. தனித்தனியே சேர்க்கையில் முதல் மாத முடிவில் பத்து வீட்டு அலுமாரிகளிலும் 10,000 ரூபாவாகப் பணம் முடங்கிக் கிடக்கிறது. சேர்த்தால் 100,000 ரூபா. ஒரு பிரிட்ஜ் வாங்கப் போதுமான பணம், பத்துத் துண்டுகளாகச் சிதறியிருப்பதால் யாருக்கும் உதவாமல் இருக்கிறது. சீட்டில் ஒரு ரூபாவும் அப்படிக் கிடப்பதில்லை. சேர்ந்த அன்றே வேலைக்குப் போய்விடுகிறது. இதைக் கணிதமாக எழுதிக் காட்டியவர்கள் பெஸ்லி, கோட், லவ்ரி என்ற மூன்று பொருளியலாளர்கள். அவர்களுடைய ஆய்வுக் கட்டுரை 1993இல் வெளிவந்தது. சூத்திரம் எழுதப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே நம் பெண்கள் இதைக் கொப்பியில் நடத்திக்கொண்டிருந்தார்கள். எத்தியோப்பியாவில் எக்குப், மெக்சிக்கோவில் தண்டா, கொரியாவில் கே என்று உலகெங்கும் இதற்கு உறவுமுறைகள் உண்டு.

சீட்டுப் பிடிக்கிற அக்காவின் கொப்பியைத் திறந்து பார்த்தால் எல்லாம் வெளிச்சமாக இருக்கும். இடப்பக்கம் பெயர்கள், மேலே மாதங்கள், கட்டங்களில் சரி அடையாளம், பணம் எடுத்தவர் பெயரைச் சுற்றி ஒரு வட்டம். யாருக்கு எந்த மாதம் என்பதை முதல் நாளே துண்டு குலுக்கி முடிவு செய்துவிடுவார்கள். கடதாசித் துண்டுகளில் இலக்கம் எழுதி, மடித்து, கோப்பையில் போட்டு, சின்னப் பிள்ளை ஒன்றைக் கொண்டு எடுக்கச் சொல்வார்கள். அவசரம் உள்ளவரோடு இலக்கத்தை மாற்றிக்கொள்வதும் உண்டு. இந்த முறையில் வட்டி எந்த இடத்திலும் நுழைவதில்லை. அதனால் வட்டியை விலக்கி வாழும் முஸ்லிம் குடும்பங்களும் மனத்தடையின்றிச் சேரலாம். தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று எல்லோரும் அடுத்தடுத்து வாழும் கொழும்பில் இது சின்ன விஷயமல்ல.

இன்னொரு வகை ஏலத்தில் நடக்கும். அவசரப்படுகிறவர் ‘15,000 கழித்துத் தாருங்கள்’ என்று கேட்டு 85,000 ரூபாவை எடுத்துக்கொள்வார். அந்தக் கழிவை மற்றவர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். கழிவு என்பது காத்திராமல் இருப்பதற்கான விலை. மிகுந்த அவசரம் உள்ளவர் மிகுந்த விலை கொடுக்கிறார், பொறுத்திருப்பவர் அதைப் பெறுகிறார். ஆகவே கழிவுச் சீட்டில் சேரும்போது, நாம் கடன் வாங்கப் போகிறோமா, சேமிக்கப் போகிறோமா என்று தெரிந்துகொண்டு சேர வேண்டும்.

வீட்டு வரவு செலவுத் திட்டத்துக்கும் சீட்டுக்கும் உள்ள உறவு சேமிப்பில்தான் தொடங்குகிறது. மாதத் தொடக்கத்தில் அழகாகத் திட்டம் எழுதிவிடுகிறோம். வீட்டு வாடகை, கரண்ட் பில், சாமான், மருந்து, பிள்ளைகளின் டியூஷன் எல்லாம் போய், மிஞ்சுவது சேமிப்பு என்று கடைசி வரியில் போடுகிறோம். மிஞ்சுவதேயில்லை. சீட்டு அந்த வரியை மேலே கொண்டுவந்து விடுகிறது. ஐந்தாம் திகதி ஒன்பது பேர் நம் பணத்துக்காகக் காத்திருக்கிறார்கள் என்றால், எதைக் குறைத்தாவது கட்டிவிடுவோம். நைரோபியின் கிபேரா குடியிருப்பில் இதை ஆராய்ந்த அன்டர்சனும் பாலாந்தும், வீட்டுக்குள்ளேயே பணம் கரைந்துபோகாமல் காப்பதற்காகப் பெண்கள் இப்படிப்பட்ட குழுக்களில் சேர்கிறார்கள் என்று 2002இல் எழுதினார்கள். நம் நாட்டின் ஊழியர் சேமலாப நிதியும் இதே வழியில்தான் இயங்குகிறது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொழிலாளியிடமிருந்து 8 வீதம், முதலாளியிடமிருந்து 12 வீதம், சம்பளம் கைக்கு வருமுன்பே ஒதுக்கப்படுகிறது. நீதிமன்ற வாசலில் தட்டச்சு செய்து கொடுப்பவருக்கும் இரவில் கொத்துரொட்டி போடுபவருக்கும் அப்படி வெட்டி எடுத்துச் சேர்த்துவைக்க ஒரு முதலாளி இல்லை. அந்த வேலையைச் சீட்டு செய்கிறது.

ஆனால் விலைவாசி ஏறும்போது சீட்டின் நியாயம் சாய்ந்துவிடும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஓராண்டில் 69.8 வீதம் உயர்ந்திருந்தது. அந்த வேகம் மாதம் ஏறக்குறைய நாலரை வீதம். அப்படியொரு காலத்தில் பத்து மாதச் சீட்டு ஓடினால், பத்தாவதாக எடுப்பவரின் 100,000 ரூபா, முதல் மாதத்தில் 67,000 ரூபாவுக்குக் கிடைத்ததைத்தான் வாங்கித் தரும். மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகிறது. முதலில் எடுத்தவரோ பொருளைப் பழைய விலையில் வாங்கிவிட்டு, மதிப்பிழந்த ரூபாவில் மீதித் தவணைகளைக் கட்டி முடிக்கிறார். கொப்பியில் எல்லாக் கட்டங்களிலும் சரி போட்டிருக்கும். இழப்பு அதில் தெரியாது. அதே சுட்டெண்ணின் ஆண்டு உயர்வு 2023 செப்டெம்பரில் 1.3 வீதத்துக்கு இறங்கியது. அப்போது கடைசி இலக்கம் விழுந்தாலும் கவலையில்லை. விலைவாசி பாயும் காலத்தில் சீட்டுக் குறுகியதாக இருப்பது நல்லது. ஐந்து பேர், ஐந்து மாதம் என்றால் கடைசி ஆளின் இழப்புப் பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

இரண்டாவது ஆபத்து ஆட்களால் வருவது. முதல் மாதம் பணத்தை எடுத்தவர் இரண்டாம் மாதம் வராவிட்டால் ஒன்பது வீடுகள் அடிபடும். சீட்டை ஒழுங்குபடுத்த இந்த நாட்டில் 1935இலேயே ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. ஆனால் புதுக்கடை நீதிமன்றக் கட்டடம் கூப்பிடு தூரத்தில் இருந்தும், சீட்டைக் காப்பது அறிமுகம்தான். எத்தனை பேர் என்பதைவிட, எத்தனை பேரின் வீட்டுப்படி நமக்குத் தெரியும் என்பதே முக்கியம். முகம் தெரியாதவர்கள் போனில் கூட்டுகிற சீட்டுக்குள் போகவே கூடாது.

அதனால் சீட்டை அதற்குரிய இடத்தில் வைக்க வேண்டும். விலை தெரிந்த ஒரு பொருள், ஓராண்டுக்குள் முடிகிற இலக்கு, இவைதான் அதற்குப் பொருத்தம். தவணையை நல்ல மாத வருமானத்தை வைத்துத் தீர்மானிக்காமல், மழையாலோ நோயாலோ கடை மூடிக்கிடந்த மாதத்தில் எவ்வளவு கட்ட முடியும் என்று கேட்டுத் தீர்மானிக்க வேண்டும். ஒரு சீட்டில் எடுத்து இன்னொரு சீட்டுக்குக் கட்டத் தொடங்கினால் அது கடனாகிவிடும். நடுச்சாமத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்கான பணத்தைச் சீட்டில் போடக் கூடாது. நம் முறை வரும்வரை அதைத் தொட முடியாதே. அதை எந்த நாளும் எடுக்கக்கூடிய கணக்கில் வைக்க வேண்டும். 1832இல் தொடங்கிய இலங்கைச் சேமிப்பு வங்கியையும் 1885இல் வந்த அஞ்சலகச் சேமிப்பு வங்கியையும் இணைத்து 1971இல் உருவான தேசிய சேமிப்பு வங்கியில், வைப்புகளுக்கு அரசின் முழு உத்தரவாதம் உண்டு. முதுமைக்கான பணத்துக்கும் சீட்டு ஏற்றதல்ல. பத்து மாதத்தில் முடியும் ஏற்பாட்டை நம்பி முப்பது ஆண்டுகளைக் கடக்க முடியாது.

இப்படிப் பொருளுக்கான பணம், அவசரப் பணம், முதுமைப் பணம் மூன்றையும் தனித்தனி இடத்தில் பிரித்துவிட்டால், கையில் மிச்சமிருப்பதைக் குற்ற உணர்வில்லாமல் செலவழிக்கலாம். குறைந்த வருமானக்காரருக்குச் சேமிக்கத் தெரியாது என்று சொல்பவர்கள் ஒரு சீட்டுக் கொப்பியைப் புரட்டிப் பார்க்க வேண்டும். தெரியாதவர்களால் 45 மாதங்களை மிச்சம் பிடித்துக் கொடுக்க முடியாது.