பனங்கட்டி விற்க நான்கு வரிகள்

பனங்கட்டி காய்ச்சும் குடும்பங்கள் பல, பொருளைச் செம்மையாகச் செய்தும் உரிய விலை பெறாது வருந்துகின்றன. கலப்பற்ற கட்டியும் சீனி கலந்த கட்டியும் சந்தையில் அருகருகே இருக்கும்போது வாங்குவோர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. எனவே விலை குறைந்ததே முதலில் விற்பனையாகும். பத்திரிகையில் விளம்பரஞ் செய்யச் சிறு உற்பத்தியாளரிடம் பணமில்லை. ஆயினும் குட்டானுடன் கட்டும் ஒரு சிறு சுட்டுத்துண்டு அவருக்காகப் பேசும். அது என்ன பேசவேண்டும் என்பதே கவனிக்கத்தக்கது.

பொதுப் புகழ்ச்சி பயன்தராது

சில ஆண்டுகளுக்கு முன் பெண்மணி ஒருவர் தமது பனங்கட்டிக்கு வாசகம் எழுதித் தருமாறு கேட்டார். "உயர்தரமான, சுவைமிக்க, அசற் பனங்கட்டி" என எழுதிக் கொடுத்தேன். ஒரு மாதத்தின் பின் சென்றபோது குட்டான்கள் பெரும்பாலும் விற்காமற் கிடந்தன. "ஐயா, சீனி கலப்பவரும் இதையேதான் எழுதுகிறார்" என்றார் அவர். தவறு என்னுடையதே. போட்டியாளரும் தயங்காது எழுதக்கூடிய சொல் நமக்கு உதவாது.

வாங்குவோர் கேட்கும் கேள்விகளை அவரிடம் விசாரித்து, அவற்றுக்கு விடையாகப் பின்வருமாறு எழுதினோம்:

"சீனி சேர்க்கப்படவில்லை.
உட்புறஞ் சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறக்கிய கருப்பநீரை அன்றே காய்ச்சி வார்த்தது.
காற்றும் ஈரமும் புகாத பாத்திரத்தில் வைக்கவும்.
எங்கள் அடுப்படிக்கு வந்து பார்க்கலாம்."

விலை குறைக்கப்படவில்லை. ஆயினும் வாங்கியோர் சிலர் மறுமுறையும் தேடி வந்தனர். ஒருவர் உண்மையாகவே அடுப்படிக்கு வந்து பார்த்துச் சென்றார்.

எழுதும் முறை

1. வாங்குவோர் கேட்கும் கேள்விகளை ஒரு வாரம் குறித்து வையுங்கள். அதிகமாகக் கேட்கப்படுவதற்கு முதல் வரியில் விடை கூறுங்கள்.
2. "சுத்தமானது" எனப் புகழாது, சுத்தமாக இருக்க நீங்கள் செய்வதைச் சொல்லுங்கள்.
3. எழுதியதை அயலவர் ஒருவரைக் கொண்டு உரக்க வாசிப்பியுங்கள். அவர் தடுமாறும் சொல்லை நீக்குங்கள்.
4. நிறை, விலை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, முகவரி ஆகியவற்றைத் தெளிவாகக் குறியுங்கள். சட்டம் வேண்டும் ஏனைய விபரங்களைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறியுங்கள்.

பொய் எழுதற்க

"நீரிழிவு நோயாளரும் தாராளமாக உண்ணலாம்" எனச் சிலர் எழுதுவதுண்டு. பனங்கட்டியிலும் பெரும்பங்கு சீனிச்சத்தே. இதனை நம்பி உண்பவர் உடல்நலங் கெடும். உணவைப் பற்றித் தவறான எண்ணந் தரும் சுட்டுத்துண்டை 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டமும் தடைசெய்கின்றது.

நல்ல வாசகம் முதற் குட்டானை விற்கும். இரண்டாவதை விற்பது உள்ளிருக்கும் கட்டியே. ஆகவே செய்வதை எழுதுங்கள், எழுதியபடியே செய்யுங்கள்.