தோட்டாவுக்கு ஒரு பூட்டு, துப்பாக்கிக்கு ஒரு பூட்டு

2024 அக்டோபர் 1-ஆம் தேதி விடிகாலை, மும்பையில் நடிகர் கோவிந்தா வெளியூர் கிளம்பிக்கொண்டிருந்தார். தன் ரிவால்வரை அலமாரியில் வைக்கப் போனபோது அது கைதவறி விழுந்து வெடித்தது. குண்டு அவர் காலிலேயே பாய்ந்தது. அது லைசென்ஸ் வாங்கிய துப்பாக்கி. இடம் சொந்த வீடு. எதிரில் யாரும் இல்லை. குண்டை எடுத்தார்கள், சில நாளில் வீடு திரும்பினார். அதே குண்டு தொடையில் ஓடும் பெரிய ரத்தக்குழாயில் பட்டிருந்தால் மருத்துவமனை போய்ச் சேரும் நேரம்கூடக் கிடைக்காமல் போயிருக்கலாம்.

கம்மாபுரம், விருத்தாசலம், நெய்வேலிப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது தூரத்துச் செய்தியாகத் தோன்றலாம். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வங்கியில் கன்மேனாக நிற்பவர் நம் தெருக்காரர்தான். ஏடிஎம்முக்குப் பணம் ஏற்றிச் செல்லும் வேனில் ஆயுதக் காவலர் இருவர் இருக்க வேண்டும் என்று 2018-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்த பிறகு அந்த வேலைக்கும் ஆள் தேவைப்படுகிறது. பயிர்க்காவலுக்கென்று குழல் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்க ஆயுதச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. இவர்கள் யாரும் குற்றவாளிகள் இல்லை. ஆனால் லைசென்ஸ் என்பது போலீஸ் கேட்டால் காட்டும் காகிதம். வீட்டுப் பிள்ளையைக் காப்பாற்றும் வேலையைப் பூட்டுதான் செய்ய வேண்டும்.

சட்டம் என்ன கேட்கிறது

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளும்தான் அடிப்படை. நம் கடலூர் மாவட்டத்தில் லைசென்ஸ் தருபவர் ஆட்சியர். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், போலீஸ் விசாரணை நடக்கும், உடலும் மனமும் நலமாக இருப்பதற்கு மருத்துவச் சான்று வேண்டும். 2019-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. லைசென்ஸின் ஆயுள் ஐந்து ஆண்டு. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. கல்யாணத்திலும் ஊர்வலத்திலும் கொண்டாட்டத்துக்காக மேலே சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் இரண்டு ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும்.

காட்டுப்பன்றி மக்காச்சோளத்தையும் மணிலாவையும் உழுதுபோட்டுவிடுகிறது என்ற வேதனை நியாயமானது. ஆனாலும் பயிர்க்காவல் லைசென்ஸ் பன்றியைச் சுட அனுமதி தருவதில்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் குற்றம் என்கிறது. எங்கே, எப்போது சுடலாம் என்பதை முடிவு செய்ய வேண்டியது வனத்துறை.

பொது இடத்தில் கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்வது பற்றி 2016 விதிகள் தெளிவாக இருக்கின்றன. அதற்கென்று செய்த உறையில் உடம்போடு சேர்ந்திருக்க வேண்டும், அல்லது அதுபோன்ற பையில் இருக்க வேண்டும். வெளியே தெரியாமல் முழுதாக மூடியிருக்க வேண்டும். எடுத்துச் செல்பவரின் கட்டுப்பாட்டிலேயே எந்நேரமும் இருக்க வேண்டும். எடுத்துக் காட்டினாலோ வீசினாலோ லைசென்ஸ் ரத்தாகலாம்.

நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு அப்பாவைக் காரில் கூட்டிப்போகிறீர்கள். கடலூர் தாண்டிய கொஞ்ச தூரத்தில் புதுச்சேரி எல்லை. தமிழ்நாட்டுக்குள் மட்டும் செல்லும் என்று லைசென்ஸில் எழுதியிருந்தால் அந்த எல்லைக்கு அப்பால் காரில் இருக்கும் துப்பாக்கி சட்டவிரோதம். கிளம்புவதற்கு முன்பே லைசென்ஸில் எந்தப் பகுதி எழுதியிருக்கிறது என்று படித்துவிடுங்கள்.

வண்டிக்குள்

கார் டேஷ்போர்டு, சீட்டுக்கு அடி, கதவுப் பை, ஸ்கூட்டர் டிக்கி. துப்பாக்கியை வைக்க மனம் போகும் இடங்கள் இவைதான். இவற்றில் ஒன்றுகூடப் பாதுகாப்பான இடமில்லை. டிக்கிப் பூட்டைத் திருடன் நிமிடத்தில் நெம்பிவிடுவான். டேஷ்போர்டை மிட்டாய் தேடும் பேரன் திறப்பான். சீட்டுக்கு அடியில் இருப்பது திடீர் பிரேக்கில் முன்னால் உருண்டு வந்து பெடலுக்குக் கீழே சிக்கும்.

துப்பாக்கியைக் கொண்டுபோகவே வேண்டுமா என்பதுதான் முதல் கேள்வி. பணிக்குப் போகும் கன்மேனுக்கு வேண்டும். விருத்தாசலம் சந்தைக்கோ மாசி மகத்துக்கோ போகிறவருக்கு எதற்கு? கோயில், மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் என்று உள்ளே கொண்டுபோக முடியாத இடத்துக்குக் கிளம்பினால் அது வண்டியில் தனியாகக் கிடக்கத்தான் போகிறது. அந்த நாளில் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கட்டும்.

கொண்டுபோகத்தான் வேண்டும் என்றால், குண்டு நீக்குவதை வீட்டிலேயே செய்துவிடுங்கள். வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு துப்பாக்கியில் குண்டு போடுவதும் எடுப்பதும் கூடாது. இடம் குறுகலாக இருக்கும், முழங்கை ஸ்டியரிங்கில் இடிக்கும், குழல் முனை யாராவது ஒருவர் பக்கம் திரும்பியே இருக்கும். பிஸ்டலில் எல்லோரும் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது: மேகசினை உருவிய பிறகும் குழலுக்குள் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். அதனால் மேகசினை எடுத்த பின் மேல்பகுதியைப் பின்னால் இழுத்து, உள்ளே கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பாருங்கள். ரிவால்வரில் உருளையை வெளியே தள்ளி எல்லா அறையும் காலி என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இதைச் செய்யும்போது முனை தரையைப் பார்க்கட்டும், விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். காலி என்று தெரிந்த துப்பாக்கியையும் ஒருவர் பக்கம் திருப்பாதீர்கள்.

குழல் முனை எந்தப் பக்கம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைப் புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை நமக்குக் காட்டிவிட்டது. 2021 டிசம்பர் 30 அன்று பசுமலைப்பட்டி துப்பாக்கிச் சுடும் பயிற்சித் தளத்தில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. தொலைவில் தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்தும் 2022 ஜனவரி 3 அன்று சிறுவன் இறந்துபோனான். பயிற்சி பெற்றவர்கள் கூடியிருந்த இடத்தில், சுடுவதற்கென்றே ஒதுக்கிய தளத்தில் நடந்தது இது. காருக்குள் மெல்லிய தகடும் கண்ணாடியும்தான் தடுப்பு.

நம் பகுதி வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கத்திரி வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் வெளியே இருப்பதைவிட 20 டிகிரிக்கு மேல் சூடு ஏறிவிடும். அந்தச் சூட்டில் தோட்டா தானாக வெடித்துவிடாது. ஆனால் நாள் கணக்கில் வெந்தால் உள்ளிருக்கும் மருந்து கெடும். கெட்ட தோட்டா விசையை அழுத்தியதும் வெடிக்காமல், சற்றுத் தாமதித்து வெடிக்கக்கூடும். ‘என்ன ஆயிற்று’ என்று குழலைத் திருப்பிப் பார்ப்பவரின் முகத்துக்கு நேரே அது நடக்கும். வெடிக்காவிட்டால் முனையை ஆளில்லாத திசையில் வைத்து அரை நிமிடமாவது அசையாமல் இருக்க வேண்டும்.

வண்டியிலிருந்து இறக்கிய பின், வீட்டில் சுவரோடு திருகிய இரும்புப் பெட்டி, அதில் காலித் துப்பாக்கி. தோட்டா வேறொரு பூட்டில். இரண்டு சாவியும் ஒரே கொத்தில் தொங்கக் கூடாது. 2005-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வு ஒன்று நான்கு பழக்கங்களைத் தனித்தனியாக அளந்து பார்த்தது: துப்பாக்கியைப் பூட்டுவது, குண்டில்லாமல் வைப்பது, தோட்டாவைப் பூட்டுவது, தோட்டாவை வேறிடத்தில் வைப்பது. நான்கில் ஒவ்வொன்றும் சிறுவர்களும் இளைஞர்களும் தவறுதலாகவோ தாமாகவோ சுட்டுக்கொள்வதைக் குறைத்தது. துப்பாக்கி மலிந்த நாட்டிலேயே பூட்டு உயிரைக் காப்பாற்றுகிறது.

மனம் தளர்ந்திருக்கும் நேரம்

துப்பாக்கி என்றதும் திருடனையும் கொலைகாரனையும் நினைக்கிறோம். அமெரிக்காவில் துப்பாக்கியால் நடக்கும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலை. இதை வாசிக்கும் ஒவ்வொரு துப்பாக்கி உரிமையாளரின் மனைவியும் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது.

2023 ஜூலை 7 காலை கோவை சரகக் காவல்துறை டிஐஜி விஜயகுமார் தன் பாதுகாவலரின் துப்பாக்கியால் உயிரை மாய்த்துக்கொண்டார். மன அழுத்தத்துக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தவர், தூக்கமில்லாமல் தவித்தவர் என்று அப்போது தெரியவந்தது. அறிவும் பதவியும் நல்ல பெயரும் இருந்த மனிதர். நோய் யாரையும் பார்த்து ஒதுங்கிப் போவதில்லை, அதை மறைத்து வைப்பதில் பெருமையும் இல்லை.

சாக வேண்டும் என்ற எண்ணம் பெரும்பாலும் அலைபோல எழுந்து அடங்குவது. அந்தக் கொஞ்ச நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் எதுவும் இல்லாவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்கிறார். இதற்கு ஆதாரம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. சென்னை சிநேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பை 1986-ல் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவர் குழுவும் காட்டுமன்னார்கோவில் பகுதிக் கிராமங்களில் ஒரு முயற்சி செய்தார்கள். பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல், ஊர்ப் பொதுவில் கட்டிய அறையில் பூட்டுப் பெட்டிகளில் வைக்கச் சொன்னார்கள். 2013-ல் அந்த ஆய்வு வெளியானது. விவசாயிகள் அதை ஏற்றுக்கொண்டு பயன்படுத்தினார்கள், தற்கொலையும் குறைந்தது. பூச்சிமருந்துக்கு வேலை செய்த பூட்டு துப்பாக்கிக்கும் வேலை செய்யும்.

ஆகவே கன்மேன் வேலை பார்ப்பவரின் வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். இரவு டூட்டி மாறி மாறி வந்து தூக்கம் கெட்டிருக்கிறதா, குடி கூடியிருக்கிறதா, கடன் நெருக்குகிறதா, பேச்சு குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த மாதங்களில் துப்பாக்கி வீட்டில் இருக்க வேண்டாம். லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலோ காவல் நிலையத்திலோ ஒப்படைத்து ரசீது வாங்கலாம். தேர்தல் அறிவித்ததும் எத்தனையோ பேர் ஒப்படைக்கிறார்கள், யாரும் அதை அவமானமாக நினைப்பதில்லை. இதையும் அப்படியே செய்யலாம். சாவியையாவது அண்ணனிடமோ மச்சானிடமோ கொடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

கோபத்துக்கும் இதே கதைதான். 2014 மார்ச் 17 அன்று நெய்வேலி இரண்டாம் சுரங்க வாசலில் வாக்குவாதம் முற்றி, காவல் பணியில் இருந்த வீரரின் துப்பாக்கிச் சூட்டில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் இறந்தார். கம்மாபுரம் ஒன்றியத்து ஜனங்கள் அந்த நாளை மறக்கவில்லை.

பேச வேண்டும் என்று தோன்றினால் 104, டெலிமானஸ் 14416, சிநேகா 044-24640050. தமிழிலேயே பேசலாம்.

காதும் ஈயமும்

ஒரு வெடிச் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும். ஒரே முறை கேட்டாலும் உட்காதின் நரம்பு நிரந்தரமாகக் கெடலாம். காருக்குள் வெடித்தால் இன்னும் மோசம். பயிற்சியின்போது காதுக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம். ஈயக் குண்டைக் கையாண்டவர்கள் சோப்புப் போட்டுக் கைகழுவிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும், குழந்தையைத் தூக்க வேண்டும். குண்டைப் பல்லில் கடித்துப் பிடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

காயம் பட்டுவிட்டால்

முதலில் துப்பாக்கியை அப்புறப்படுத்துங்கள். அடுத்து 108. ரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துண்டை மடித்து வைத்து உடல் எடையைக் கொடுத்து அழுத்துங்கள். நனைந்தால் எடுக்காமல் அதன் மேலேயே இன்னொன்றை வையுங்கள். கையிலோ காலிலோ ரத்தம் நிற்கவே இல்லை என்றால் காயத்துக்கு மேலே அகலத் துணியால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காப்பித்தூள், மஞ்சள் எதுவும் வேண்டாம். குண்டைத் தோண்ட வேண்டாம். அறுவை சிகிச்சை தேவைப்படும் என்பதால் தண்ணீர், சோடா கொடுக்காதீர்கள். வெளிக்காயம் மிளகளவு இருந்தாலும் உள்ளே குடலோ நுரையீரலோ கிழிந்திருக்கலாம்.

போலீஸ் கேஸாகிவிடுமே என்று தயங்கி ஒரு மணி நேரத்தை இழக்காதீர்கள். போலீசுக்குத் தகவல் தருவது மருத்துவமனையின் கடமை, அது நடக்கட்டும். சட்ட நடைமுறைக்காகக் காத்திராமல் உயிரைக் காப்பாற்ற வேண்டியது மருத்துவரின் முதல் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது.

பிழைத்தால் போதும் என்றும் இருக்க முடியாது. 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் வீட்டில் எம்.ஆர். ராதா சுட்ட குண்டு எம்.ஜி.ஆரின் கழுத்தில் பாய்ந்தது. அவர் உயிர் பிழைத்தார், நடித்தார், முதலமைச்சரும் ஆனார். பழைய குரல் மட்டும் திரும்பவில்லை. அதற்குப் பின் வந்த படங்களில் அந்த வேறுபாட்டைத் தமிழ்நாடே கேட்டது. பேச்சுப் பயிற்சி, நரம்புச் சிகிச்சை, மனநல ஆலோசனை என்று பின்தொடர் சிகிச்சை மாதக்கணக்கில் தேவைப்படும் என்பதை வீட்டார் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது.

தாத்தாவின் துப்பாக்கி

லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால் அவர் துப்பாக்கியை வீட்டார் வைத்திருக்கும் உரிமை அங்கேயே முடிகிறது. ‘தாத்தா ஞாபகம்’ என்று பரணில் போட்டு வைப்பது குற்றம். தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். வாரிசு ஒருவர் தன் பெயரில் லைசென்ஸ் கேட்டு ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். கிடைக்கும்வரை அது அங்கேயே இருக்கும்.

மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கி என்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். பல ஆண்டுக்கு முன் கெட்டித்த மருந்தும் ரவையும் குழலுக்குள் அப்படியே இறுகியிருக்கலாம். வெளியே பார்த்தால் தெரியாது. அதைப் பரணிலிருந்து இறக்கி, சாக்கில் சுற்றி, பைக்கில் ஸ்டேஷனுக்கு எடுத்துப் போகும் வேலையே வேண்டாம். பிள்ளைகளை அந்த அறைக்கு வெளியே அனுப்பிக் கதவைப் பூட்டிவிட்டு, காவல் நிலையத்துக்குப் போன் செய்து விவரத்தைச் சொல்லி, வந்து எடுத்துப்போகச் சொல்லுங்கள். ஒப்படைத்ததும் ரசீதில் துப்பாக்கியின் எண், தேதி, வாங்கியவரின் கையெழுத்து மூன்றும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.