யாகப்பரின் ஏரிக்கரை: கப்பர்நாகும்

ஊர்காவற்றுறையில் ஆலயம் கொண்டிருக்கும் இயேசுவின் சீடர் யாகப்பர் ஒரு மீனவர். தகப்பன் செபதேயுவின் வள்ளத்தில் கூலியாட்களும் இருந்தார்கள் என்கிறது மாற்கு நற்செய்தி. ஆகவே ஏழைக் குடும்பமல்ல. வலை பொத்திக்கொண்டிருந்த அவரையும் தம்பி யோவானையும் இயேசு அழைத்தது கலிலேயா ஏரிக்கரையில். அது நன்னீர் ஏரி. கடல்மட்டத்துக்குச் சுமார் 210 மீற்றர் கீழே கிடக்கிறது.

அதன் வடகரையில் இருந்தது கப்பர்நாகும். நாசரேத்தை விட்டு வந்த இயேசு இங்கேயே குடியிருந்தார். மத்தேயு நற்செய்தி இதை அவருடைய சொந்த ஊர் என்றே சொல்கிறது. பேதுருவின் மாமியாருக்குக் காய்ச்சல் நீங்கியதும், நூற்றுவர் தலைவனின் ஊழியன் சுகமானதும் இங்கேதான்.

கூரையைப் பிரித்து நோயாளியை இயேசுவின் முன் இறக்கிய கதை, இங்குள்ள வீடுகளைப் பார்த்தால் வியப்பாக இராது. நெடுந்தீவின் முருகைக்கல் வேலிகளைப் போலச் சாந்தில்லாமல் அடுக்கிய கருங்கற் சுவர்கள். அவை தாங்கக்கூடியது கொம்பும் மண்ணுமான இலேசான கூரையைத்தான்.

1894இல் பிரான்சிஸ்கன் துறவிகள் இவ்விடத்தை வாங்கினர். 1968இல் தொடங்கிய அகழ்வில், 5ஆம் நூற்றாண்டு எண்கோண ஆலயமொன்றின் அடியில் பழைய வீடொன்று வெளிப்பட்டது. பேதுருவின் வீடு என்பது மரபு. காரையில் கீறப்பட்ட பழைய கிறிஸ்தவ எழுத்துகள் அதற்கு வலுச் சேர்க்கின்றன. முடிவான சான்று இல்லை. பக்கத்திலுள்ள வெள்ளைச் சுண்ணக்கல் தொழுகைக்கூடத்தை இயேசு கண்டிருக்க முடியாது, அது சில நூற்றாண்டுகள் பிந்தியது.

இத்தனை புதுமைகளைக் கண்டும் மனந்திரும்பாத ஊர் என்று இயேசு கப்பர்நாகுமைக் கடிந்துகொண்டதையும் நற்செய்தி மறைக்கவில்லை.