தினம் ஒரு படம்

செட்டிநாட்டு வீடுகளின் சுவரில் முன்னோர் படங்கள் வரிசையாக இருக்கும். அடுப்படியில் முறுக்குப் பிழிந்தவர்களும் ரெண்டாங்கட்டு முற்றத்தில் நெல் காயவைத்தவர்களும் அவற்றில் அபூர்வம். விசேஷ நாளைத்தான் கேமரா பெரும்பாலும் பார்த்தது. தினம் ஒரு படம் எடுக்கும் பழக்கம் இந்தக் குறையைத் தீர்க்கும். அன்றாடம் என்று ஒதுக்குவதும் பிற்பாடு மதிப்புப் பெறும்: கோட்டையூர்ச் சேகரிப்பாளர் ரோஜா முத்தையா, நூல்களோடு கல்யாணப் பத்திரிகைகளையும் துண்டு விளம்பரங்களையும் சேர்த்தார். பிறர் எடைக்குப் போடுகிற காகிதம். 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கிய அந்தச் சேகரிப்பு இன்று சென்னையில் ஆய்வு நூலகமாக நிற்கிறது. தினம் தனியாக எதற்கு, கைப்பேசியில்தான் ஆயிரக்கணக்கில் படம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது; ஆனால் தேதியும் இடமும் ஆள் பெயரும் இல்லாத படம் பேரன் காலத்தில் யாருக்கும் புரியாது. தரையில் ஆத்தங்குடிக் கல் தேய்ந்த இடம், திண்ணையில் பால் தூக்கு என ஒன்றைத் தேர்ந்து, இரண்டு வரி எழுதி, நகலும் வைக்க வேண்டும். அடுத்தவர் அந்தரங்கம் கெடாதா என்பது நியாயமான கேள்வி. ஆளிருந்தால் கேட்டுவிட்டு எடுப்பதும், வேண்டாமென்றால் விட்டுவிடுவதுமே முறை.