பல் மருத்துவத்திற்கு முன் எந்தப் பட்டம்?

அமெரிக்காவில் வாழும் என் கல்லூரி நண்பர் அண்மையில் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய மகள் பல் மருத்துவராக விரும்புகிறாள். ஆனால் பட்டப்படிப்பில் வரலாற்றை முதன்மைப் பாடமாக எடுப்பேன் என்கிறாளாம். "உன் சொல்லைக் கேட்பாள். உயிரியல் படிக்கச் சொல். வரலாறு படித்து நாம் என்ன கண்டோம்?" என்றார். ஒரே வகுப்பில் அமர்ந்து வரலாறு படித்தவர்கள் நாங்கள்! நானும் முதலில் அவர் பக்கமே சாய்ந்தேன்.

நம் நாட்டில் பிளஸ் டூ முடித்து, நீட் தேர்வு எழுதி, நேரே பி.டி.எஸ். சேரலாம். அமெரிக்காவில் பெரும்பாலோர் 4 ஆண்டுப் பட்டம் பெற்ற பின்னரே பல் மருத்துவக் கல்லூரியில் நுழைகின்றனர். அங்கே மேலும் 4 ஆண்டுகள். ஆகவே அந்த முதற்பட்டம் எது என்னும் கவலை அங்குள்ள பெற்றோரை வாட்டுகிறது.

விசாரித்தபோதுதான் உண்மை விளங்கிற்று. முதன்மைப் பாடம் இன்னதுதான் என்று அக்கல்லூரிகள் பொதுவாக வற்புறுத்துவதில்லை. உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் ஆகியவற்றைச் சோதனைக்கூடப் பயிற்சியுடன் முடித்திருக்க வேண்டும். பல கல்லூரிகள் உயிர்வேதியியலையும் கேட்கின்றன. பிறகு டி.ஏ.டி. என்னும் நுழைவுத் தேர்வு. மடித்த காகிதத்தில் துளையிட்டு விரித்தால் துளைகள் எங்கெங்கே அமையும் என்றெல்லாம் அதில் வினாக்கள் உண்டு. அதை எந்தப் பட்ட வகுப்பிலும் கற்பிப்பதில்லை! நீண்ட பகுதிகளைப் படித்து விடையளிக்கும் பிரிவும் உண்டு. அங்கே வரலாற்று மாணவிக்குப் பழகிய வேலைதான்.

ஆயினும் நண்பரின் அச்சத்தை வீண் என்று தள்ளிவிட முடியாது. உயிரியல் மாணவிக்குத் தேவையான பாடங்களில் பெரும்பகுதி பட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடும். வரலாற்று மாணவியோ அவற்றைத் தன் பாடங்களுக்கு மேல் சுமக்க வேண்டும். விண்ணப்பத்தில் அறிவியல் பாடங்களின் சராசரி தனியே கணக்கிடப்படுகிறது. அவள் எடுக்கும் அறிவியல் பாடங்கள் சில என்பதால், கரிம வேதியியலில் ஒருமுறை சறுக்கினாலும் அந்தச் சராசரி வெகுவாக இறங்கிவிடும். மறுபுறம், விருப்பமின்றி உயிரியலைப் படித்து மதிப்பெண் குறைந்தால் அந்தப் பட்டத்தின் பெயர் அவளைக் காப்பாற்றாது.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பல் மருத்துவ இடம் கிடைக்காமற் போகலாம். அவளுடைய மனமே மாறலாம். அப்போது கையில் எஞ்சுவது அந்த முதற்பட்டம் ஒன்றே. நண்பர் அஞ்சுவது இதற்குத்தான் என்பது பேச்சினிடையே புரிந்தது. வரலாற்றுப் பட்டத்துடன் வேலை தேடி அலைந்த நாட்களை அவர் மறக்கவில்லை, நானும்தான்.

மகளிடமும் பேசினேன். "மாமா, முதலாண்டிலேயே முதன்மைப் பாடத்தை முடிவு செய்யத் தேவையில்லை. இரண்டாமாண்டு முடிவுக்குள் சொன்னால் போதும்" என்றாள். அங்குள்ள பல கல்லூரிகளில் இதுவே வழக்கமாம். ஆகவே முதலாண்டில் உயிரியலும் வேதியியலும் எடுத்து, கூடவே ஒரு வரலாற்றுப் பாடமும் படிப்பது. விடுமுறையில் ஒரு பல் மருத்துவரிடம் அனுமதி பெற்று, அவர் பணிசெய்வதை உடனிருந்து கவனிப்பது. மதிப்பெண்களைக் கண்டபின் முடிவெடுப்பது என்று பேசி வைத்திருக்கிறோம். நண்பர் இன்னும் அரை மனத்துடன்தான் இருக்கிறார்.