வீட்டில் பேட்டரி: எதை நாமே செய்யலாம், எதைத் தொடக்கூடாது

2020 மே 20 அன்று ஆம்பன் புயல் கொல்கத்தாவைத் தாக்கியது. ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன, மின்கம்பிகள் அறுந்தன. நகரின் பல பகுதிகளுக்குக் கரண்ட் திரும்பி வரப் பல நாட்கள் ஆயின. மோட்டார் ஓடாததால் குடிக்கத் தண்ணீர் இல்லை. மக்கள் மறியலில் இறங்கினார்கள், மரங்களை அகற்ற ராணுவம் வந்தது. அப்படி ஒரு வாரத்தை அனுபவித்தவர்கள் வீட்டில் மின்சாரத்தைச் சேமித்து வைக்க நினைப்பது நியாயமான ஆசைதான்.

ஈய-அமில பேட்டரியும் இன்வெர்ட்டரும் கொல்கத்தாவுக்குப் பழக்கமானவை. இப்போது லித்தியம் வந்திருக்கிறது. மின்னணு உதிரிபாகங்களுக்குப் பெயர்போன சாந்தினி சந்தையும், மின்சாதனங்களுக்குப் பெயர்போன எஸ்ரா தெருவும் இருக்கும் ஊரில் பொருள் கிடைப்பது கடினமில்லை. காணொலியைப் பார்த்து, தனித்தனி செல்களை வாங்கி, வீட்டிலேயே பேட்டரி கட்டுபவர்கள் கூடிவருகிறார்கள். அவர்களுக்கு ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். எவ்வளவு மின்சாரம் தேவை, பேட்டரியை எங்கே வைப்பது என்பதையெல்லாம் நீங்களே திட்டமிடுங்கள். பேட்டரியை மட்டும் நீங்களே கட்டாதீர்கள். கட்டினால் ஆபத்தும் உங்களுடையது, சட்டம் தரும் பாதுகாப்பிலும் பெரும்பகுதி கைநழுவிப் போகும்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்ததில் புகையில் மூச்சுத்திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் செகந்திராபாத்தில், மின் ஸ்கூட்டர் கடையில் பிடித்த தீயின் புகை மேலே இருந்த விடுதிக்குள் ஏறி எட்டுப் பேரைக் கொன்றது. நியூயார்க் நகரில் 2023ஆம் ஆண்டில் மட்டும் லித்தியம் பேட்டரித் தீயால் 18 பேர் இறந்தனர். பழைய செல்களைப் பிரித்தெடுத்துப் புது பேட்டரி கட்டி விற்பதை அந்நகரம் சட்டம் போட்டுத் தடுத்தது.

ஒரு மின் ஸ்கூட்டரில் இருப்பது சுமார் 2 முதல் 4 யூனிட் மின்சாரம். 280 ஆம்பியர்-மணி செல்கள் 16ஐத் தொடராக இணைத்த 51.2 வோல்ட் வீட்டு பேட்டரியில் 14 யூனிட்டுக்கு மேல் இருக்கும். ஆக, ஸ்கூட்டரைவிடப் பல மடங்கு ஆற்றலை வீட்டுக்குள் வைத்திருக்கிறோம்.

லித்தியத்தில் எல்லாம் ஒரே வகை கிடையாது. பல வாகனங்களிலும் மடிக்கணினிகளிலும் இருக்கும் நிக்கல் கலந்த வகை எளிதில் சூடேறித் தீப்பிடிக்கும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை கூடுதல் வெப்பத்தைத் தாங்கும். வீட்டுக்கு ஏற்றது அதுதான். ஆனாலும் அதுவும் கெட்டால் நச்சுப் புகையும் எரியக்கூடிய வாயுவும் வரும்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்லின் உச்ச மின்னழுத்தம் 3.65 வோல்ட். பழைய செல்களைக் கலந்து கட்டும்போது ஒவ்வொன்றின் கொள்ளளவும் வேறாக இருக்கும். பலவீனமான செல் முதலில் நிரம்பி எல்லையைத் தாண்டிவிடும். மொத்த வோல்ட்டை மட்டும் அளப்பவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். ஒவ்வொரு செல்லையும் கவனித்து இணைப்பைத் துண்டிப்பதுதான் பி.எம்.எஸ். என்ற மின்சுற்றின் வேலை. மலிவான பி.எம்.எஸ். பழுதானால் துண்டிக்காமலே நின்றுவிடக்கூடும். அதனால் தனியாக ஃபியூஸும், சரியான வோல்ட்டுக்கு அமைத்த சார்ஜரும் கட்டாயம் வேண்டும்.

வயரிங் சாதாரண வேலை இல்லை

1000 வாட் சுமையை 12 வோல்ட்டில் ஓட்டினால் கேபிளில் சுமார் 90 ஆம்பியர் பாயும். 48 வோல்ட்டில் அது கால் பங்காகக் குறையும். பெரிய அமைப்புக்கு 48 வோல்ட்டைத் தேர்வது இதனால்தான். இந்த அளவு மின்னோட்டத்தில் கேபிள் முனையில் ஒரு லக் தளர்ந்திருந்தாலே போதும், அது கொதித்து இன்சுலேஷனை உருக்கிவிடும்.

வீட்டு எம்.சி.பி.யை பேட்டரிப் பக்கம் போடாதீர்கள். ஏ.சி. மின்னோட்டம் நொடிக்கு நூறு முறை பூச்சியத்தைத் தொடுவதால், துண்டிக்கும்போது எழும் பொறி தானே அணையும். டி.சி.யில் அப்படி நடக்காது. பொறி எரிந்துகொண்டே இருக்கும். டி.சி.க்கென்று மதிப்பிட்ட ஃபியூஸும் பிரேக்கரும் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு மிக அருகில் இருக்க வேண்டும்.

உங்கள் இன்வெர்ட்டரின் மின்சாரம் தெருக் கம்பிக்குத் திரும்பிப் போகவே கூடாது. மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பியில் கைவைக்கும் லைன்மேனின் உயிர் அதில் இருக்கிறது. வீட்டு மின்பலகையில் கைவைக்கும் வேலையை அரசு உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரிடம் கொடுங்கள். சோலாரோடு இணைப்பதானால் சி.இ.எஸ்.சி. போன்ற உங்கள் மின் விநியோக நிறுவனத்தின் அனுமதியும் வேண்டும்.

எங்கே வைப்பது?

2025 செப்டம்பர் 23 அன்று, துர்கா பூஜைக்குச் சில நாள் முன்பு, கொல்கத்தாவில் ஒரே இரவில் கொட்டிய மழையில் நகரம் மூழ்கியது. மின்சாரம் தாக்கிப் பலர் இறந்தனர். தண்ணீர் தேங்கும் தெருவில் தரைத்தளத்தில் பேட்டரி வைக்காதீர்கள். வேறு இடமே இல்லையென்றால், இதுவரை வந்த வெள்ளத்தின் மட்டத்துக்கு மேலே உறுதியான தாங்கியில் வையுங்கள்.

பழைய அடுக்குமாடிகளில் மாடிப்படிக்குக் கீழே இன்வெர்ட்டர் வைப்பது வழக்கம். லித்தியத்துக்கு அந்த இடம் கூடவே கூடாது. தீப்பிடித்தால் எல்லோரும் தப்பிக்க இருப்பது அந்த ஒரு வழிதான். படுக்கையறையும் வேண்டாம். வெயிலும் வேண்டாம்: 2024 ஏப்ரல் 30 அன்று கொல்கத்தாவில் 43 டிகிரி பதிவானது. செல்லுக்குத் தயாரிப்பாளர் தந்திருக்கும் வெப்ப வரம்பைப் பார்த்து நிழலான, காற்றோட்டமான இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஈய-அமில பேட்டரிக்கும் காற்றோட்டம் அவசியம். சார்ஜ் ஆகும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறும். காற்றில் அது 4 சதவீதத்தைத் தொட்டாலே தீப்பிடிக்கலாம்.

உங்கள் உரிமைகள்

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பழுதான பொருளால் உயிருக்கோ உடைமைக்கோ சேதம் வந்தால் தயாரிப்பாளரிடமும் விற்பவரிடமும் இழப்பீடு கேட்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் அதன் 87ஆம் பிரிவைக் கவனியுங்கள். பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ மாற்றியமைத்திருந்தாலோ விற்றவர்மேல் பொருள் பொறுப்பு வழக்குத் தொடுக்க முடியாது. உதிரிபாகமாக விற்ற பொருளுக்குத் தயாரிப்பாளர் தேவையான எச்சரிக்கையைத் தந்திருந்தால், எச்சரிக்கவில்லை என்ற காரணத்தைக் காட்டி அவர்மேலும் வழக்குப் போட முடியாது. பில் இல்லாமல் வாங்கிய செல்களில் நீங்களே கட்டிய பேட்டரி எரிந்தால், யார்மேல் வழக்குப் போடுவீர்கள்?

அதனால் பி.எம்.எஸ்.ஸோடு சேர்த்து மூடி முத்திரையிட்ட, சான்று பெற்ற பேட்டரியாக வாங்குங்கள். ஜி.எஸ்.டி. பில், வரிசை எண், எழுத்தில் வாரன்டி மூன்றையும் கேட்டு வாங்குங்கள். ஐ.எஸ்.ஐ. அல்லது பி.ஐ.எஸ். பதிவு எண் போட்டிருந்தால் அது உண்மையா என்று 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் சரிபார்க்கலாம்.

பாதிக்கப்பட்டால்

பேட்டரி உப்பினாலோ, சூடேறினாலோ, விநோத வாசனை வந்தாலோ, அருகில் போகாமலே துண்டிக்க முடிந்தால் மட்டும் துண்டியுங்கள். புகை கிளம்பினால் கதவை மூடிவிட்டு எல்லோரும் வெளியேறுங்கள். தீயணைப்புக்கு 101, அவசர உதவிக்கு 112. லித்தியம் பேட்டரி என்பதைச் சொல்லுங்கள். அணைந்ததுபோல் தெரிந்தாலும் மறுபடி பற்றும், உள்ளே போகாதீர்கள்.

பிறகு ஆதாரம். எரிந்த பேட்டரியைத் தூக்கி எறியாதீர்கள். தீயணைப்புத் துறையின் அனுமதியோடு வெளியே பாதுகாப்பாக வைத்து, படம் எடுத்து, அவர்களின் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் தமிழிலும் பேசலாம். தீராவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். அடிக்கடி கரண்ட் போவது, வோல்ட் ஏறி இறங்குவது போன்றவற்றுக்கு மின் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அமைப்பை அணுகலாம். அங்கே தீராவிட்டால் 2003 மின்சாரச் சட்டப்படி மின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

ஆயுள் முடிந்த பேட்டரியைக் குப்பையிலோ பழைய இரும்புக் கடையிலோ போடாதீர்கள். 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதைத் தனியாகப் பிரித்துக் கொடுக்கும் கடமை நம்முடையது. திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. பழைய பேட்டரியைத் திறந்தவெளியில் உடைத்து ஈயம் உருக்கினால் அந்தப் புகையும் தூசும் முதலில் சேதப்படுத்துவது குழந்தைகளின் மூளையை.

வீட்டுக்குத் தேவையான யூனிட்டைக் கணக்கிடுவது, சரியான இடத்தைத் தேர்ந்தெடுப்பது, பில்லைப் பத்திரப்படுத்துவது, மாதம் ஒருமுறை இணைப்புகளைக் கண்ணால் பார்ப்பது: இவ்வளவையும் யார் வேண்டுமானாலும் செய்யலாம். இவற்றைச் செய்துவிட்டு, செல்லைக் கோக்கும் வேலையைச் சான்று பெற்ற தயாரிப்பாளரிடம் விடுங்கள். அப்போதுதான் ஏதாவது தவறு நடந்தாலும் பதில் சொல்லவும் இழப்பீடு தரவும் ஒருவர் இருப்பார்.