தீக்குச்சியைத் தூக்கிப் போடுங்க!

காலையில் காலேஜ் கேட்டைத் தாண்டும்போதே மூக்கைத் துளைக்கிறதே ஒரு புகை... கவனித்திருக்கிறீர்களா? ராத்திரி உதிர்ந்த புங்கன், வாகை இலைகளைக் கூட்டி, மூலையில் குவித்து, ஒரே ஒரு தீக்குச்சி. பத்து நிமிஷத்தில் 'கேம்பஸ் க்ளீன்!' அப்புறம் அதே கேம்பஸின் பூந்தொட்டிகளுக்குக் காசு கொடுத்து உர மூட்டை வாங்குவார்கள். இது என்ன கணக்கு பாஸ்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை கள்ளக்குறிச்சியில் வெள்ளிமலை பஸ் ஏறுங்கள். கச்சிராயபாளையம் தாண்டி வண்டி கல்வராயன் மலை ஏறும். மரம் அடர்ந்த இடத்தில் குனிந்து சருகை விலக்கிப் பாருங்கள். மேலே காய்ந்த இலை, அடுத்து பாதி மக்கியது, அதற்கும் கீழே கறுப்பாக, பொலபொலவென்று மண். அங்கே யாரும் பெருக்குவதில்லை. யாரும் உரம் போடுவதில்லை. பூஞ்சை, பாக்டீரியா, மண்புழு... இவைதான் அங்கே ஃபுல் டைம் ஸ்டாஃப்!

இந்த ஸ்டாஃபின் பெருமை பழைய கதை. பரிணாமக் கொள்கை சொன்ன டார்வின், 1881-ல் மண்புழுவுக்காகவே தனிப் புத்தகம் எழுதினார். சரியாகப் பத்து வருஷம் கழித்து, 1891-ல் வெளிவந்த சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீய'த்தில் நடராசன் என்ற பாத்திரம் நாங்கூழ்ப் புழுவிடம் நின்று பேசுகிறது. நாங்கூழ் வேறு யாருமில்லை, நம்ம மண்புழுதான்.

சரி, கேம்பஸில் நாமும் செய்யலாமா? தாராளமாக. ஆனால் நிறைய பேர் முதல் வாரமே கோட்டை விடுகிற இடம் ஒன்று இருக்கிறது.

அவசரம்தான் வில்லன்

பச்சை இலையைத் தொட்டியில் கொட்டி, உடனே புழுவை விட்டால் கதை முடிந்தது. இலை மக்க ஆரம்பிக்கும்போது குவியலின் உள்ளே வெப்பம் 50 டிகிரியைக்கூடத் தாண்டும். மண்புழுவுக்கு ஒத்து வருவது 20 முதல் 30 டிகிரி. பாவம், வெந்தே போகும்! மண்புழுவுக்குப் பல்லும் கிடையாது. நுண்ணுயிர்கள் இளக வைத்த இலையைத்தான் அது விழுங்கி, வயிற்றில் அரைத்து, குருணையாக வெளியே தள்ளும்.

அதனால் முதலில் இலைகளைச் சின்னதாக நறுக்கி, சாணிக் கரைசல் தெளித்து, நிழலில் குவித்து வையுங்கள். நாலைந்து நாளுக்கு ஒருமுறை கிளறுங்கள். 15, 20 நாளில் சூடு அடங்கிவிடும். உள்ளே கை விட்டால் ஜில்லென்று இருக்கிறதா? அப்போதுதான் புழுவுக்கு அழைப்பு.

புழுவுக்கு எங்கே போவது?

கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது ஆப்பிரிக்காவில் இருந்து வந்த யூட்ரிலஸ், ஐரோப்பாவில் இருந்து வந்த ஐசீனியா வகைகள். 'நம்ம ஊர்ப் புழுவே போதுமே' என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருபவர், சென்னை நியூ காலேஜில் பேராசிரியராக இருந்த மண்புழு விஞ்ஞானி சுல்தான் அகமது இஸ்மாயில். அதைப் பிடிக்கும் வழியும் சிம்பிள். ஈரமான இடத்தில், குருணை தெரிகிற ஒரு சதுர மீட்டர் மண்ணைத் தேர்ந்தெடுங்கள். அரைக்கிலோ வெல்லம், அரைக்கிலோ சாணத்தை 2 லிட்டர் தண்ணீரில் கரைத்து ஊற்றி, வைக்கோல் பரப்பி, பழைய சாக்கால் மூடுங்கள். தினமும் கொஞ்சம் தண்ணீர். மூன்று, நான்கு வாரத்தில் விருந்தாளிகள் ரெடி! (காப்புக்காட்டில் போய்த் தோண்டாதீங்க. உங்க காலேஜ் மண்ணிலேயே இருக்கு.)

தொட்டி எப்படி?

நிழலில் ஒரு சிமென்ட் தொட்டி போதும். அடியில் உடைந்த செங்கல், மணல், அதன் மேல் ஒரு சாண் உயரத்துக்குத் தோட்ட மண். புழுவை அதில் விட்டு, மக்கிய இலையைப் போட்டு, ஈரச் சாக்கால் மூடுங்கள். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் தண்ணீர் அதிகம். சொட்டே வராவிட்டால் குறைவு. எலுமிச்சைத் தோல், மிளகாய், உப்பு, எண்ணெய், ஹாஸ்டல் சிக்கன் எலும்பு... எதுவும் கூடாது. எறும்பு வராமல் சுற்றிலும் சின்ன வாய்க்காலில் தண்ணீர் நிறுத்துங்கள்.

45 முதல் 60 நாளில் டீத்தூள் மாதிரி உரம் தயார். நாலு நாள் தண்ணீரை நிறுத்தி, உரத்தை வெளிச்சத்தில் கூம்பாகக் குவியுங்கள். வெளிச்சம் பிடிக்காத புழுக்கள் கீழே இறங்கிவிடும். மேலே இருப்பதை அள்ளிக்கொள்ளலாம்.

ஒரு உண்மையையும் சொல்லிவிடலாம். யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம். மண்புழு உரத்தில் ஒன்றிரண்டு சதவீதம்தான். ஆனால் மண்ணைப் பொலபொலவென்று ஆக்கி, ஈரத்தைப் பிடித்து வைக்கிற வேலையை யூரியா செய்யாது. கல்வராயன் மரவள்ளிக் காட்டில் இருந்து கள்ளக்குறிச்சி கரும்புத் தோட்டம் வரை மண்ணுக்குத் தேவை அதுதான். கரும்புச் சோகையை எரிக்கிற அப்பாக்களிடம் நாளைக்கு இதைப் பேசப் போவது யார்? தொட்டியைப் பார்த்துப் பழகிய நீங்கள்தானே!

'பிரின்சிபால் ஒத்துக்குவாரா?' என்று கேட்டால், தோட்டக் கழிவைத் தனியாகச் சேர்க்க வேண்டும், எரிக்கக் கூடாது என்று 2016-லேயே திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லிவிட்டன. பெருக்குகிற அக்காவைக் குறை சொல்லாதீங்க. எரிக்காமல் வேறென்ன செய்வது என்று யாரும் அவருக்குக் காட்டவில்லை. என்.எஸ்.எஸ். நண்பர்கள் நாலு பேரோடு போய், நாளைக் காலை குவியலை அவரிடம் கேட்டு வாங்குங்கள்.

அந்தத் தீப்பெட்டியையும்தான்!